பூநாரைகள் எழும்பாத காலை

டங், டங், டங். பக்கத்து வயலில் யாரோ கிளி கலைக்கிறார்கள். பழைய பால்மாத் தகரப் பேணியில் தடியால் அடிக்கும் சத்தம். கதிர் பால் பிடிக்கும் நாட்களில் உருத்திரபுரத்தில் விடிவதே இந்தச் சத்தத்தோடுதான். எழுத உட்கார்ந்தவள் எழுந்துவிட்டேன். வரம்பு வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி உட்கார்ந்தேன். காதுக்குள் அடி நிற்கவில்லை.

சின்ன வயதில் அந்தப் பேணி அக்காவின் கையில் இருந்தது. நான் கூவுவேன், அவள் அடிப்பாள். பள்ளிக்கூடம் போகுமுன், பனியில் நனைந்த பாவாடையோடு வரம்பெல்லாம் ஓடுவோம். பச்சைக் கூட்டம் ஒன்றாய்க் கிளம்பி வானத்தில் வளைந்து திரும்பும். கலைக்க வந்ததை மறந்து இரண்டு பேரும் வாய் பார்த்து நிற்போம். நாங்கள் பறவை பார்க்கப் பழகியது அப்படித்தான், கலைத்துக் கலைத்து.

போன மார்கழியில் அக்கா நெடுங்கேணியில் இருந்து வந்து நாலு நாள் நின்றாள். ஒரு கண்ணுக்குச் செய்த ஒப்பரேசன் சரிவரவில்லை. மற்றக் கண்ணுக்கு வவுனியாவில் நாள் குறித்திருந்தார்கள். அதுவும் பிழையாய்ப் போனால் என்ற பயத்தை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பூநாரை செட்டையை விரிச்சால் உள்ளுக்குச் சிவப்பாமே. அதை ஒருக்காப் பாக்கவேணும்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் புறப்படும் நாளில், இருட்டோடு ஸ்கூட்டியில் வெளிக்கிட்டோம். பின்னால் இருந்து என் முதுகில் முகத்தை வைத்துக் குளிரை மறைத்துக்கொண்டாள். பூநகரிக் கரையில் சேறும் உப்பும் மணத்தன. விடிந்துவர, எட்டத் தண்ணீரில் ஒரு வெளிறல் நீளமாய்த் தெரிந்தது. பூநாரைகள். தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன.

"தெரியுதே அக்கா?"

"வேட்டியள் காயப்போட்ட கொடி மாதிரிக் கிடக்கு."

"கொடிக்குக் கால் இருக்கே? வடிவாப் பாருங்கோ."

"கண் தெரிஞ்சால் பாக்கமாட்டனே? உன்ர பகிடியும் நீயும்."

இரவல் வாங்கி வந்த தொலைநோக்கியைக் கொடுத்தேன். அவளுடைய கலங்கலை அது பெரிய கலங்கலாக்கியது, அவ்வளவுதான். நின்றால் வெளிறல், பறந்தால்தான் சிவப்பு. பறக்கட்டும் என்று காத்திருந்தோம். வெயில் ஏறியது. ஒன்றுகூட எழும்பவில்லை. பஸ்ஸுக்கு நேரம் நெருங்கியது.

இடியப்பம் கொண்டுவந்த சில்வர் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். மற்றக் கையில் கரண்டி. ஒரே ஒரு அடி போதும். கூட்டம் முழுக்கக் கிளம்பும், அவ்வளவு சிவப்பும் அவள் கண்ணுக்குள் வந்து விழும். வயலில் அவள் பேணியில் அடித்த அதே அடி.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாமடி."

"ஒருக்காத்தான் அக்கா. திரும்பி வந்து இருக்குங்கள்."

"சாப்பிட்டுக்கொண்டு நிக்கிறதுகளை எழுப்பாதை."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, ஷெல் சத்தம் கேட்டு அப்படியே விட்டு எழும்பி ஓடிய ஒரு காலை எங்கள் இருவருக்கும் உண்டு. அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. கரண்டியைத் தேங்காய்ச் சம்பலுக்குள் திரும்ப வைத்தேன். மூடியில் அவளுக்கு இடியப்பம் போட்டுக் கொடுத்தேன். அவையும் தின்றன, நாங்களும் தின்றோம். அக்கா அந்த வெளிறலைப் பார்த்தபடியே மென்றாள், ஒவ்வொரு வாய்ச் சாப்பாட்டையும் நேரமெடுத்து. சிவப்பு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தொடங்கியபோது, "சொல்லாதை, கிடக்கட்டும்" என்றாள்.

பரந்தன் சந்தியில் வவுனியா பஸ் வந்து நின்றது. அவளுடைய பையை நடத்துநரிடம் ஏற்றிக் கொடுத்தேன்.

"கண் சுகமானோடன திரும்பவும் போவம், என்ன?"

படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினாள்.

"ஓம், வாறன். ஆனா அந்தப் பெட்டி வேண்டாம், இடியப்பத்தை வாழையிலையில கட்டிக்கொண்டு வா."