அரிசி டின்னில் வைத்த பாட்டரி

என் கணவருக்குக் கிச்சன் அலமாரி பொருத்தும் வேலை. புதிதாகக் கட்டும் ப்ளாட்டுகளில் அநேகமாகக் கரண்ட் கனெக்ஷனே இருக்காது. அதனால் டிரில், ஸ்குரூ டிரைவர் எல்லாமே பாட்டரியில் ஓடுவதுதான். மொத்தம் நான்கு பாட்டரி. இரண்டு அவரோடு போகும், இரண்டு வீட்டில் சார்ஜ் ஏறும். ஏற்றுவது என் பொறுப்பு.

அதற்கு அவர் சொல்லி வைத்திருந்த பத்தியம் கொஞ்சநஞ்சமில்லை. "வேலையிலேர்ந்து வந்த சூட்டோட சார்ஜர்ல மாட்டாத, ஆற விடு. தரையில வச்சுப் போடு, மெத்தை மேல வேண்டாம். பச்சை வந்ததும் கழட்டிடு. சிவப்பு விட்டு விட்டு எரிஞ்சா உடனே பிளக்கப் பிடுங்கு." பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு சொல்வதில்லை என்று நான் முணுமுணுத்தேன். ஆனாலும் ஒன்றுவிடாமல் செய்தேன். காரணம் ஒழுக்கம் இல்லை, பயம். எங்கோ ஒரு வீட்டில் பாட்டரி வெடித்துக் கூரை கரிந்துபோன வீடியோவை அவரே ஒருமுறை போனில் காட்டிவிட்டார். அதிலிருந்து சார்ஜரின் சிவப்பு விளக்கு அணையும்வரை வீட்டை விட்டு நகரமாட்டேன். அடுப்படியில் நின்றாலும் ஒரு கண் அதன் மேலேயே இருக்கும்.

பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மாமியார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுதாகப் போய் இரண்டு வருடமாகிறது. மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு முன்னறை, உள்ளறை, அடுக்களை, அவ்வளவுதான். வெளியே போக ஒரே வாசல். அத்தை கிடப்பது உள்ளறைக் கட்டிலில். ஏதாவது ஆனால் அவரை எப்படித் தூக்குவேன் என்று தினமும் நினைப்பேன். நினைத்து நினைத்து ஒரு வழியும் கண்டுபிடித்ததில்லை.

எங்கள் சந்தில் மழையே இல்லாமல் வெள்ளம் வரும். கடல் பெருகிக் காயலில் தண்ணீர் ஏறும் நாட்களில் ஓடை வழியாக உப்புத் தண்ணீர் எதிர்த்து வந்து வீட்டுக்குள் நிற்கும். வேலியேற்றம் என்பார்கள். அதற்காகவே எல்லார் வீட்டிலும் கட்டிலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருப்போம். நீர் ஏறும் காலம், பாட்டரிப் பையை ராத்திரியே பரண்மேல் வைத்துவிடு என்று அவர் சொல்லியிருந்தார். நான் மறந்துவிட்டேன். காலையில் அவர் இரண்டு பாட்டரியோடு தோப்பும்படிக்கு வேலைக்குப் போன பிறகு, கணுக்கால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். பை சாய்ந்து, ஒரு பாட்டரி அலமாரிக்கு அடியில் முழுசாக முங்கிக் கிடந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தீயை நினைத்து அல்ல, அவர் திட்டுவாரே என்றுதான். நனைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் அந்தப் பத்தியத்தில் இல்லை. பக்கத்து வீட்டுச் சேச்சியின் போன் இதே தண்ணீரில் விழுந்தபோது அரிசிக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்துப் பிழைக்க வைத்தார்கள். எங்கள் சந்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் அது. நானும் பாட்டரியைத் துணியால் நன்றாகத் துடைத்து, அரிசி டின்னில் குழிபறித்துப் புதைத்து, மூடியை அழுத்தி மூடினேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்ட நினைப்பு வேறு.

அரிசி டின் இருப்பது அத்தையின் கட்டிலுக்கு அடியில். செங்கல் மேல், நனையாத இடம் அது ஒன்றுதான்.

மதியம் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வடிந்து தரை சேறாக இருந்தது. அத்தை கூப்பிட்டார். வாய் கொஞ்சம் கோணினாலும் பேச்சு தெளிவாக வரும்.

"மோளே, கீழ சூடா இருக்குடி."

"ஃபேன் ஓடுதுல்ல அத்தை."

"மேல இல்லடி, முதுகுக்குக் கீழ. என்னமோ தீயற மணம்."

அவருக்கு ஒரு நாள் குளிரும், ஒரு நாள் எரியும். "எல்லாம் உங்க நினைப்பு அத்தை" என்றேன். என் வாயில் அடிக்க வேண்டும். அந்த வார்த்தைக்கு இன்றும் கூசிப்போகிறேன்.

சீறும் சத்தம் கேட்டது. குக்கர் என்று அடுப்பைப் பார்த்தேன், அடுப்பே பற்றவைக்கவில்லை. உள்ளறை வாசலுக்குப் போவதற்குள் டின்னின் மூடி டமாரென்று தெறித்துக் கட்டில் சட்டத்தில் மோதியது. வெள்ளைப் புகை. நடுவில் நீளமாக ஒரு தீ. கருகிய அரிசி நாற்றத்தோடு தொண்டையை அறுக்கும் இன்னொரு நாற்றம்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். நான் உள்ளே போகவில்லை. ஓடினேன். மீன் கையோடு, முன்னறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, சந்துக்கு. எதிர்வீட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் அத்தை உள்ளே இருக்கிறார் என்று நினைவு வந்தது. அதுவும் பொய். நினைவு இருந்தது. கால் அதைக் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அதைக் கேட்டுத்தான் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு திரும்பினேன். அத்தை கட்டிலில் இல்லை. அந்த உயரத்திலிருந்து தானே விழுந்து, ஒரு கையை ஊன்றி, சேற்றில் இழுத்து இழுத்து உள்ளறை நிலைப்படிவரை வந்திருந்தார். பின்னால் மெத்தை எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். அக்குளில் கைகொடுத்து வாசலுக்கு இழுத்துப் போட்டேன்.

அதற்குள் சந்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆட்டோ ஓட்டும் சேட்டன் ஒருவர், "மாறி நில்லு சேச்சி" என்று என்னைத் தள்ளிவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். டின் அணைவதும் மறுபடி புகைவதுமாகக் கிடந்தது. சாயங்காலம்வரை யாரும் அதைத் தொடவில்லை.

என் கணவர் வந்ததும் பாட்டரி நனைந்ததையும் அரிசியில் வைத்ததையும் சொல்லி அழுதேன். திட்டுவார் என்று பயந்தேன், திட்டவில்லை. அம்மாவின் முழங்கைச் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டே, "எப்படிம்மா வெளிய வந்த?" என்று கேட்டார்.

"உன் பெண்டாட்டிதான் இழுத்துப் போட்டா" என்றார் அத்தை.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. புது மெத்தை வந்தது. பாட்டரிகளை இப்போது வீட்டுக்கே கொண்டுவருவதில்லை. ஒரு வாரம் கழித்துக் காலையில் அத்தை மகனைக் கூப்பிட்டுக் கட்டிலை முன்னறையில், வாசலை ஒட்டிப் போடச் சொன்னார்.

"எதுக்கும்மா?"

"காத்துக்கு."

"அங்க போட்டா வேலியேற்றத் தண்ணி முதல்ல உன் கட்டிலுக்குத்தான் வரும்."

"தண்ணி வந்தா வரட்டும்டா" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. என் கணவர் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன்.