அருவிக்குள் அக்கா சொன்ன பெயர்

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம். நான் தாவணி போட்ட புதிது. சுரண்டையிலிருந்து அம்மா, அக்கா, நான் மூவரும் பஸ் ஏறித் தென்காசியில் இறங்கி, குதிரை வண்டி பிடித்துக் குற்றாலம் போனோம். சாரலை அனுபவிக்கப் போகவில்லை. தலைப்பிள்ளை பிறந்த சில நாளிலேயே தவறியதிலிருந்து அக்கா வாய் திறக்கவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள். ஒரு தடவை என்னைத் திட்டமாட்டாளா என்று ஏங்கிப்போயிருந்தேன்.

குற்றாலத்து மூலிகைத் தண்ணீர் தலையில் விழுந்தால் எந்தப் பித்தும் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வண்டிக்காரர் வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வந்தார். குற்றாலத்துக் கோயிலில் பெருமாளாக நின்ற சாமியை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினாராம். அந்தத் தலைவலி தீரத்தான் இன்றும் சாமிக்குத் தைலம் தேய்க்கிறார்களாம். தனக்கே தலைவலி தீராத சாமியா அக்காவைக் குணப்படுத்தப் போகிறது என்று துடுக்காகக் கேட்டேன். அம்மா நறுக்கென்று குட்டினாள். அக்கா சிரிப்பாள் என்றுதான் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெண்கள் பக்கம் ஒரே கூட்டம். அக்கா அருவிக்குள் கால் வைக்க மறுத்துவிட்டாள். கெஞ்சிப் பார்த்த அம்மா கடைசியில் அழுதேவிட்டாள். குளித்துவிட்டு வந்த ஒரு பெண் என்னவென்று விசாரித்தாள். தென்காசியில் தறி நெய்கிற வீடாம், அக்கா வயதுதான் இருக்கும். அம்மா சொன்னதைக் கேட்டதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வந்து கத்தி அழு பிள்ள. அங்கன நின்னா ஒருத்தருக்கும் கேக்காது. நானும் எம் பிள்ளைக்கு அங்கன நின்னுதான் அழுதேன்."

அக்கா அவள் கூடவே போனாள். நானும் பின்னால் ஓடினேன். தண்ணீர் விழுந்த வேகத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. திறந்தபோது, அக்கா பாறையில் கைகளை ஊன்றிக் கத்திக்கொண்டிருந்தாள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது உதட்டசைவில் தெரிந்தது. பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பெயராகத்தான் இருக்கும். அருவி இரைச்சலில் என் காதில் விழவில்லை. அந்தப் பெண் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

வெளியே வந்து தலை துவட்டும்போது அக்கா, "பசிக்குதும்மா" என்றாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் தேடியபோது அந்தப் பெண்ணைக் காணோம்.

பிறகு அக்கா பழையபடி பேசினாள், என்னைத் திட்டினாள், வேறு பிள்ளைகள் பெற்று வளர்த்தாள். அந்தப் பெயரை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் கேட்க மனம் வரவில்லை. இப்போது அக்காவும் இல்லை. அந்தப் பிள்ளை உயிரோடு இருந்திருந்தால் அதை நான் என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பேன் என்று, எப்போது குற்றாலம் போனாலும் அந்த இரைச்சலுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.