பானட்டின் உள்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த ஊர்த் தெருக்களில் நடந்து போனால் கால்கள் தெரியும். உடம்பு தெரியாது. ஏதாவதொரு பழைய காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பை ஆறிக்கொண்டிருக்கும். இங்கிலாந்துக்கு வந்த முதல் மாதத்தில் எதிர்வீட்டு வாசலில் அப்படி இரண்டு கால்களைப் பார்த்துப் பதறிப்போய், “மெக்கானிக் யாரையாவது கூப்பிடட்டுமா?” என்று கேட்டேன். நம் ஊரில் அது மனிதாபிமானம். கால்களுக்குச் சொந்தக்காரர் மெதுவாக ஊர்ந்து வெளியே வந்தார். பெயர் காலின், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். நெற்றியெல்லாம் கிரீஸ். “ரொம்ப நன்றி, வாரம் முழுக்க இந்த வேலைக்காகத்தான் காத்திருந்தேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். அவர் கோபித்துக்கொண்டார் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இங்கே கோபத்துக்கும் நன்றிக்கும் ஒரே குரல்தான்.

அந்தக் காரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உருண்டை முதுகு, உப்பிய கன்னம், அச்சு அசல் நம் அம்பாசடர். அம்பாசடருக்கு இங்கிலாந்துதான் பிறந்த வீடு என்றும், அது மணமாகி இந்தியா வந்த பிறகுதான் அந்தப் பெயர் வைத்தார்கள் என்றும் காலின் பிற்பாடு எனக்கு விளக்கினார். எங்கள் அப்பா சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் டாக்சி ஓட்டியவர். நான் பிறந்தது முதல் அந்தக் காரைத் தள்ளியே வளர்ந்தவன். அதற்குப் பாடம் எடுக்க ஒரு பல் டாக்டர் வேண்டியிருந்தது.

தள்ளியே என்றால் தள்ளியேதான். முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து கடலூருக்குக் கிளம்பினால், வண்டி சரியாகச் செம்மங்குப்பம் வந்ததும் கொதித்து நிற்கும். பத்து கிலோமீட்டர் முன்னே நின்றிருக்கலாம், பின்னே நின்றிருக்கலாம். ஆனால் கெமிக்கல் கம்பெனிகளின் வாசனைக்கு நடுவில் நின்றால்தான் அதற்குத் திருப்தி. பட்டுப்புடவைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டோரம் நிற்பார்கள். அப்பா அலட்டிக்கொள்ளாமல் டேஷ்போர்டிலிருந்து ஒரு பொட்டலம் மஞ்சள் தூளை எடுத்து ரேடியேட்டரில் கொட்டுவார். தூள் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், ஒழுகல் நிற்கும். பெட்ரோல் டாங்க் ஒழுகினால் துணி சோப்பைக் குழைத்து அப்புவார். மளிகைக்கடையில் கிடைக்காத ஸ்பேர் பார்ட்டை அவர் நம்பியதில்லை. எங்களுக்கு இது பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சந்தோஷமாகத் தள்ளியிருப்போம்.

வண்டிக்கு ஒரு கணக்குப் புத்தகம் வாங்கக்கூட அப்பாவுக்கு மனசு வரவில்லை. செய்த வேலையையெல்லாம் பானட்டின் உள்பக்கத் தகரத்தில் மஞ்சள் பெயின்ட்டால் எழுதிவைப்பார். ‘ஆடி – ஆயில்’, ‘புரட்டாசி – பிரேக்’, ‘மாசி – கிளட்ச், மறுபடியும்’. வருஷம் போடமாட்டார், அது அவருக்குத் தெரியுமாம். நான் இங்கே வேலை கிடைத்துப் புறப்பட்ட அன்று அந்த வண்டியில்தான் மீனம்பாக்கம் போனோம். திண்டிவனம் தாண்டியதும் பேன் பெல்ட் அறுந்தது. அப்பா என் பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்துப் பெல்ட்டாகப் போட்டு ஓட்டினார். கட்டில்லாத பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நான் விமான நிலையத்துக்குள் போனேன். அப்பா கையைக்கூட ஆட்டவில்லை, கயிறு தாங்குமா என்று பானட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை ஊருக்குப் போனபோது பானட்டில் ஒரு வரி இருந்தது: ‘தை – மகன் ஏர்போர்ட் – பேன் பெல்ட்’. நான் நாட்டைவிட்டுப் போனதைப் பற்றி அவர் எழுதியதும் பேசியதும் அவ்வளவுதான். அதன்பின் இரண்டு வருடத்தில் அவர் போய்விட்டார். நான் மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தேன். அழுகை வரவில்லை. பானட்டைத் தூக்கி அந்த வரியைப் பார்த்ததும் வந்தது.

காரை விற்க வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பிடிவாதம் என்னுடையது, வேலை என் அக்கா கணவருடையது. குணசேகரன் மாமா கீரப்பாளையத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் கொட்டகை போட்டு வண்டியை நிறுத்தி, பதினான்கு வருடமாகத் தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பார். நான் இங்கிருந்து வாட்ஸ்அப்பில் உத்தரவு போடுவேன். டயருக்குக் காற்று அடியுங்கள், சீட்டில் பூனை படுக்காமல் பாருங்கள், இப்படி. பாசத்தை நான் அனுப்பினேன், எலிப்புழுக்கையை அவர் கூட்டினார்.

இங்கே நானும் காலினோடு சேர்ந்து கெட்டுப்போனேன். அவரைப்போலவே ஒரு துருப்பிடித்த கிழவியை வாங்கி வாசலில் நிறுத்தினேன். என் மனைவி, “இதத் தள்ளக்கூடாதுன்னுதான உங்கப்பா படிக்க வெச்சாரு?” என்று கேட்டாள். பழங்கார் சங்கத்தில் உறுப்பினராகவும் ஆனேன். அந்தச் சங்கத்துக்கு ஒரே கடவுள்தான், அதன் பெயர் ‘ஒரிஜினல்’. ஒரு திருகாணி புதிதாக இருந்தால் துக்கம் விசாரிப்பார்கள். கீறல், துரு, மங்கிய பெயின்ட் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அதற்குப் ‘பட்டினா’ என்று பெயர். நம் ஊரில் அதற்கு வக்கில்லாமை என்று பெயர். ஒருநாள் சங்கத்துச் சவாரியில் காலினின் ரேடியேட்டர் ஒழுகியது. எல்லோரும் கைகட்டி நின்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் பக்கத்துக் கடைக்குப் போய், தங்கத்துக்கு அடுத்த விலையில் ஒரு குப்பி ஆர்கானிக் மஞ்சள் தூள் வாங்கிவந்து கொட்டினேன். ஒழுகல் நின்றது. அன்றோடு நான் நிபுணன். சங்கப் பத்திரிகையில் ‘இந்தியப் பாரம்பரிய முறை’ என்று எழுதினார்கள். அந்த மிதப்பில்தான் வாயைவிட்டேன். “ஊரில் என் அப்பாவின் கார் இருக்கிறது. எல்லாமே ஒரிஜினல். பானட்டுக்குள் அவர் கையெழுத்துகூட இருக்கிறது” என்றேன். காலினின் கண் பனித்துவிட்டது. தன் மனைவி இறந்தபோதுகூட வானிலை பற்றிப் பேசியவர் அவர்.

அடுத்த ஆவணியில் அவர் பாண்டிச்சேரிக்குச் சுற்றுலா வருவதாக முடிவானது. அப்படியே வந்து காரைப் பார்ப்பாராம். நான் உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். “மாமா, வெள்ளைக்காரர் ஒருத்தர் நம்ம வண்டியப் பாக்க வர்றாரு. வண்டி அப்படியே இருக்கட்டும்.” மாமா, “நீ கவலையே படாத மச்சான்” என்றார். நம் ஊரில் இந்த வாக்கியத்தைக் கேட்டால் கவலைப்பட வேண்டும் என்பதை இத்தனை வருட வெளிநாட்டு வாழ்க்கையில் மறந்திருந்தேன்.

காலின் வருவதற்கு இரண்டு நாள் முன்னதாக நான் போய் இறங்கினேன். கொட்டகை காலி. வண்டி கடலூர் முதுநகரில் பஷீர் பாய் ஷெட்டில் இருப்பதாகச் சொல்லி மாமா என்னை அங்கே அழைத்துப்போனார். ஷெட்டில் ஒரு கார் மேல் தார்ப்பாய் மூடியிருந்தது. மாமாவும் பஷீர் பாயும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சிலை திறப்பதுபோல் இழுத்தார்கள். உள்ளே முத்துப்போல் பளபளக்கும் வெள்ளையில் ஒரு கார். சிவப்பு ரெக்சின் சீட். நீலமாக எரியும் எல்இடி. டேஷ்போர்டில் தலையாட்டும் பிள்ளையார். முன்னால் புத்தம்புதுக் கறுப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். சங்கத்துக்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பேன்.

“எப்டி?” என்றார் மாமா.

“யாரக் கேட்டுத் தொட்டீங்க?” என்றேன். குரல் எனக்கே பிடிக்காத அளவுக்கு உயர்ந்தது.

மாமாவின் முகம் சுருங்கியது. “அந்த மனுசன் அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாரு. அழுக்கும் துருவுமாவா காட்டுவாங்க? உங்கப்பனுக்கு மரியாத வேணாமா?”

“அப்படியே இருக்கட்டும்னு சொன்னேனே!”

“வூட்டுக்கு விருந்தாளி வந்தா நீகூடதான் ஒண்ணும் செய்யாதீங்கம்ப. அதுக்குன்னு பழைய சோத்தப் போடுவாங்களா?” அதோடு அவர் நிறுத்தவில்லை. “வருசத்துக்கு ஒருவாட்டி வந்து போட்டோ புடிச்சிட்டுப் போற. மிச்ச நாளெல்லாம் அது யாரு வண்டி மச்சான்?”

எனக்கு இன்னும் கோபம் வந்தது. நேரே போய்ப் பானட்டைத் தூக்கினேன். உள்பக்கமும் அதே வெள்ளை. ஆனால் அதன்மேல் மஞ்சள் எழுத்துகள் இருந்தன. ஆடி – ஆயில். புரட்டாசி – பிரேக். மாசி – கிளட்ச், மறுபடியும். வரிசை அதேதான், எழுத்து வேறு. அப்பாவின் எழுத்து வலதுபக்கம் சாய்ந்து ஓடும். இது உரமூட்டையில் விலை எழுதும் எழுத்து, செங்குத்தாக நிற்கிறது.

“அந்தத் தகரம் பூடுச்சி தம்பி” என்றார் பஷீர் பாய். “உப்புக் காத்து ஜாஸ்தி. தொட்டா அப்பளமாட்டம் கையோட வருது. வேற பானட்டுதான் போட்டேன். ஆனா எழுத்து போவ உங்க மாமா வுடல. எழுத்த மொதல்ல போட்டோ எடுத்துக்கிட்டாரு. ரெண்டு நாளு கழுத்த ஒடிச்சிக்கினு அவுரே குந்தி எழுதுனாரு. நோம்பு கஞ்சி காய்ச்சுறவரு மாதிரி கிட்டவே வுடல யாரையும்.”

மாமா என்னைப் பார்க்காமல் எலுமிச்சம்பழத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். “ஒரு வரி வுட்டுப்போயிருந்தா என்னக் கேளு” என்றார்.

தேடினேன். இருந்தது. தை – மகன் ஏர்போர்ட் – பேன் பெல்ட். மகன் என்று எழுதியிருந்தவர் என் மாமா. அப்பாவின் வரி போய்விட்டதே என்று அழுவதா, அதைப் போகவிடாமல் ஒருத்தர் கழுத்து வலிக்க உட்கார்ந்திருக்கிறாரே என்று அழுவதா தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து அழுதேன். பஷீர் பாய் பெயின்ட் வாசனை என்று சொல்லி மின்விசிறியைப் போட்டார். மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. நம் ஊரில் மாமாவிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. டீ சொல்லத்தான் முடியும். சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துக் காலின் கீரப்பாளையம் வந்தார். அக்கா அவர் நெற்றியில் சந்தனம் வைத்தாள். அவர் காரை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு “மிகவும் துணிச்சலான நிறம்” என்றார். மாமா இது பாராட்டு என்று என்னிடம் உறுதிசெய்துகொண்டார். எல்இடியைப் போட்டுக் காட்டினார். பிள்ளையார் தலையாட்டினார், காலினும் ஆட்டினார். பிறகு பானட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு இன்னும் குனிந்தார். பல்லில் சொத்தை தேடிய கண், சும்மா விடாது.

“இதுதான் உங்கள் அப்பாவின் கையெழுத்தா?”

மாமா என்னைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் கேள்வி தெரிந்திருந்தது. சங்கத்து விதிப்படி நான் உண்மையைச் சொல்ல வேண்டும். நகல், மாற்றுத் தகரம், புதுப் பெயின்ட், மதிப்பு பூஜ்யம். காலினிடம் நான் சேர்த்துவைத்திருந்த பெயர் அந்த ஒரு பதிலில் இருந்தது.

“இல்லை, அது இவர் எழுதியது. அப்பாவுடையது துருவோடு போய்விட்டது” என்றேன்.

காலின் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மாமா தயாராக வைத்திருந்த ஒரே ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். “ஒரிஜினல்!” என்றார், தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு. காலின் சிரிக்கவில்லை. கைகுலுக்கினார். குலுக்கிய கையை மாமா அரைமணி நேரம் விடவில்லை, சாப்பாட்டுக்கு உட்கார்த்திவைத்துவிட்டுத்தான் விட்டார்.

திரும்பும்போது மாமா அந்தக் காரில்தான் என்னை விமான நிலையத்தில் விட்டார். திண்டிவனம் தாண்டும்போது இருவரும் பெல்ட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தோம். ஒன்றும் அறுந்துபோகவில்லை. மறுநாள் ஒரு படம் அனுப்பினார். பானட்டில் கடைசியாக ஒரு வரி, பெயின்ட் இன்னும் காயாமல்: ‘ஆவணி – மச்சான் வந்துட்டுப் போனாரு – ரிப்பேர் இல்ல’.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு சின்ன டப்பா மஞ்சள் பெயின்ட் வாங்கிவந்து இங்கிருக்கும் என் காரின் பானட்டைத் தூக்கினேன். எதிர்வீட்டில் காலினின் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ‘ஆவணி’ என்று எழுதிவிட்டேன். அதற்கடுத்து ஊருக்குப் போனேன் என்று எழுதுவதா, ஊருக்கு வந்தேன் என்று எழுதுவதா என்று நின்றேன். தூரிகையிலிருந்து ஒரு சொட்டு பேட்டரிமேல் விழுந்தது. “மெக்கானிக் யாரையாவது கூப்பிடட்டுமா?” என்று காருக்கு அடியிலிருந்து காலின் கேட்டார். வேண்டாம் என்றேன். ‘பேட்டரி’ என்று மட்டும் எழுதி, நடுவில் இடம் விட்டு, பானட்டை மூடினேன்.