அச்சில் நின்ற கதிரை: பிலோமினாவை நினைந்து

பிலோமினாவின் தங்கை ஸ்ரெல்லா தொலைபேசியில் அழைத்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் நின்றிருந்தேன். "அக்கா போயிட்டா," என்றார். பிறகு, "பின் அறையைப் பூட்டிப்போட்டு வந்திட்டன். தனிய உள்ளுக்குப் போகப் பயமா இருக்கு," என்றார். எந்த அறை என்று நான் கேட்கவில்லை.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அவரை அறிந்தவர்களுக்கு அவர் கதிரைக்காரி. உங்களில் சிலர் அவர் செய்த கதிரையில் இருந்தபடியே இதை வாசிக்கவும் கூடும். எனக்கு அவர் முதலில், கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் பக்கத்து மேசைக்காரி. அந்த நாட்களில் கதிரை செய்தவர் அவருடைய கணவர் அன்ரன்.

கதிரைக்குப் பசை பூசிப் பொருத்தியதும், அது காயும்வரை கால்களும் சட்டங்களும் அசையாமல் ஏதாவது ஒன்று பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கான அச்சை அன்ரன் தானே செய்திருந்தார். துறைமுகத்தில் கழித்துவிட்ட பெட்டிப் பலகை, சைக்கிள் போல்ட்டுகள், பழைய கதவொன்றின் பிணைச்சல் எல்லாம் அதில் இருந்தன. படையினர் வீதிகளை மறித்து ஆட்களைப் பிடித்துப்போன சுற்றிவளைப்புகள் நடந்த காலம் அது. ஒரு காலை, புதிய கதிரை ஒன்றை அச்சில் பூட்டிவிட்டுத் திருகாணி வாங்க மருதானைக்குப் புறப்பட்டார். வாசலில் நின்று, "பசை காயட்டும். நான் வந்து கழட்டுறன், நீர் தொடாதையும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வரவில்லை. பொலிஸ் நிலையம், முகாம், ஆஸ்பத்திரி என்று பிலோமினாவோடு நானும் அலைந்தேன். அப்படி ஒருவரை எவரும் கண்டிருக்கவில்லை.

கதிரை, வீட்டின் பின் அறையில், அச்சிலேயே நின்றது. பிலோமினா அதைத் தொடவில்லை. தூசி தட்டும்போதுகூட அதன் மேலால் துணியை வீசுவாரே தவிர, கை வைக்கமாட்டார். ஒருநாள் நான் யோசிக்காமல் அதன் முதுகைப் பிடித்துவிட்டேன். "எடும் கையை," என்றார். அவர் என்னை அதட்டியது அந்த ஒரு தடவைதான்.

பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, அதன் பக்கத்திலேயே இன்னொரு அச்சைச் செய்யத் தொடங்கினார். உளி பிடித்தறியாதவர். கதிரையைக் கழற்றாமல், நூலாலும் காட்போட் மட்டையாலும் ஒவ்வொரு மூலையையும் அளந்தார். அதில் பொருத்திய முதல் கதிரை ஆடியது. அடுத்ததும் ஆடியது. அன்ரனின் அச்சின் ஒரு காலுக்குக் கீழே மெல்லிய பலகைத் துண்டு ஒன்று கிடந்தது. குப்பை என்று எண்ணி அதை அவர் கணக்கில் எடுத்திருக்கவில்லை. அந்த அறையின் தரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. அதனால் அச்சு முறுகாமலிருக்கத்தான் அன்ரன் அந்தத் துண்டை வைத்திருக்கிறார். அதைக் கண்டுபிடித்துத் தன் அச்சுக்கும் ஒன்று வைத்தபின் கதிரை ஆடவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தபடி, சிரித்துச் சிரித்து இதைச் சொன்னார். "மரம் பொய் சொல்லாது எண்டு சொல்லுவினம். சும்மா கதை. மரம் நல்லாப் பொய் சொல்லும். அச்சுதான் அதைப் பிடிக்கும்." சட்டென்று சிரிப்பு நின்றது. "பின்னேரம் போய் அவரிட்டச் சொல்லோணும் எண்டு நினைச்சிட்டன்," என்றார். அதன்பின் அவர் சாப்பிடவில்லை.

அலுவலக வேலையை விட்டபின் கதிரையே அவருடைய தொழிலாயிற்று. எப்போது போனாலும் அந்த அறையில் இரண்டு அச்சுகள். ஒன்றில் கதிரைகள் வரும், போகும். மற்றதில் அதே கதிரை. வேலை செய்யும்போது அதற்கு முதுகைக் காட்டி நிற்கமாட்டார்.

காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை அழைப்பு வந்தது. நானும் கூடப் போனேன். அந்த அதிகாரி மரியாதையானவர். தண்ணீர் கொடுத்து, ஆறுதலாகவே விளக்கினார். பிலோமினா சிங்களத்தில், "மாத்தயா, அவர் செய்த வேலை ஒன்று இன்னும் முடியாமல் வீட்டில் நிற்கிறது," என்று மட்டும் சொன்னார். கையெழுத்து வைக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

நோய் முற்றிவிட்டது என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் பிலோமினா என்னை வரச் சொன்னார். "அதைக் கழட்டப் போறன். நீர் பக்கத்தில நில்லும்."

"இப்ப என்னத்துக்கு?" என்றேன்.

"நான் போனாப் பிறகு அச்சோட சேர்த்து விறகுக்குக் கொத்திப் போடுவாங்கள்."

கடற்காற்றில் போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. கசிந்த பசை கதிரையையும் அச்சையும் ஒன்றாக ஒட்டியிருந்தது. ஒன்றை உடைத்தால்தான் மற்றதை எடுக்கலாம். அன்ரனின் கை கடைசியாகப் பூட்டிய அச்சை உடைப்பதா, அவர் கடைசியாகப் பொருத்திய கதிரையை உடைப்பதா? பிலோமினா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உளியை அச்சின் மூலையில் வைத்து அடித்தார். பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.

கதிரையைத் தூக்கி முன் விறாந்தையில், மட்டமான தரையில் வைத்தோம். கொஞ்சமும் ஆடவில்லை. நான் அவரை இருக்கச் சொன்னேன். அவர் இருக்கவில்லை. அவருடைய பார்வை வாசலில் இருந்தது. வீதியில் ஒரு முச்சக்கர வண்டி நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போயிற்று. அது வேறு வீட்டுக்கு வந்த ஆள்.

"தொடாதையும் எண்டு சொன்னவர்," என்றார் பிலோமினா. "இனி வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது?"

அதற்குப் பதில் தெரியாமலேதான் அவர் போனார் என்று நினைக்கிறேன்.

கதிரையை ஸ்ரெல்லா வைத்திருக்கிறார். நான் எதையும் கேட்டு வாங்கவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது பிலோமினாவின் அந்தக் கேள்வி மட்டும்தான். வெள்ளவத்தையில் என் வீட்டுக் கதவை யாராவது தட்டினால் உடனே திறப்பதில்லை. அன்ரன் வந்து நின்றால் சொல்வதற்கு ஒரு வார்த்தை கிடைக்குமா என்று, தாழ்ப்பாளில் கை வைத்தபடி சற்று நேரம் நிற்கிறேன்.