செல்வி நடிக்கவில்லை

போன மாதம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒருவர் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தளவானூர் ஏழுமலை. எனக்குத் தூரத்து உறவு. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். செல்வி அவர் மகள்.

“தம்பி, நீ குடுத்தியே காகிதம்... அதாலதான் செல்வி கல்யாணமே நடந்துச்சி. பொண்ணுக்குக் கண்ணு ஏன் சொருகுதுன்னு மாப்ள வீட்ல கேட்டாங்க. தாம்பாளத்துல வெத்தல பாக்கோட கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டையும் வெச்சிட்டேன். அதுக்கு மேல ஒருத்தன் வாயத் தொறக்கல!”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

“செல்வி எப்படி இருக்குதுண்ணா?”

அவர் முகம் சுருங்கியது. “எங்க... நாலே மாசம். இட்டாந்து வுட்டுட்டுப் போய்ட்டாங்க. கொடம் தூக்க மாட்டேங்குறாளாம். மாவாட்ட ஒக்காந்தா பாதியில கைய வுட்டுட்றாளாம். உடம்புல இன்னா கேடு? கம்ப்யூட்டரே ஒண்ணும் இல்லன்னுடுச்சே. வேலைக்கள்ளி! நானும் நாலு சாத்து சாத்திட்டேன்.”

அந்தக் காகிதத்தைக் கொடுத்தவன் நான். அந்தப் பெண்ணை மெட்ராஸுக்கு அழைத்துப்போனவனும் நான்தான். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. தலை பின்னும்போதே கை துவண்டு விழும். சாயங்காலம் ஆனால் இமை தானாக மூடிக்கொள்ளும். விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். நான் வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தில், விலாவுக்குப் பக்கத்தில் ஒரு துணுக்குச் சதை எடுத்தார்கள்.

அந்தச் சதையில் என்ன பார்த்தோம்? சுருக்கமாகச் சொல்கிறேன். நம் தசையில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. நரம்பு உத்தரவு போட்டால் திறக்கும். துளி மின்சாரம் உள்ளே போகும். உடனே மூடிக்கொள்ளும். இமைப்பதைவிடச் சீக்கிரம். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயைச் சதைமேல் ஒட்டவைத்தால், ஒரே ஒரு வாசலின் மின்சாரத்தைப் பதிவு செய்யலாம். டேப்பில் ஒரு கோடு ஓடும். வாசல் திறந்தால் கோடு படிபோல் ஏறும், மூடினால் இறங்கும். இப்படி ஆயிரக்கணக்கான படிகள். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்று மனிதன் அளந்தால் கண் போய்விடும். கம்ப்யூட்டர் அளக்கிறது. எப்படி அளப்பது என்று அதற்கு உத்தரவு எழுதுவது என் வேலை.

நம்ம ஊர் கரண்ட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பக்கத்துக் கட்டடத்தில் மோட்டார் போட்டால் எங்கள் கோடு துள்ளும். ஏறினால் ஏறியபடியே நிற்கும். பார்ப்பதற்கு வாசல் திறந்தது போலவே இருக்கும். எத்தனை நாள் பொறுப்பது? ஒருநாள் எரிச்சலில் உத்தரவில் இரண்டு வரி சேர்த்தேன். ‘இவ்வளவு நேரத்துக்கு மேல் நிற்கிற படியெல்லாம் கரண்ட் கோளாறு. தள்ளிவிடு.’ எத்தனை தள்ளினாய் என்று சொல்லும்படி ஒரு வரி எழுதினேனா? இல்லை. சோம்பேறித்தனம்.

வேலைக்கள்ளி யார் என்று இப்போது தெரிகிறதா?

பஸ் ஸ்டாண்டில் கேட்டது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. மெட்ராஸ் திரும்பியதும் செல்வியின் டேப்பைத் தேடி எடுத்தேன். அந்த இரண்டு வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். பாதிக்குமேல் நீளமான படிகள். கரண்ட் கோளாறு ஒருமுறை ஒரு உயரம், மறுமுறை வேறு உயரம் துள்ளும். வாசலின் படி எப்போதும் ஒரே உயரம்தான். இவை அத்தனையும் அதே உயரம். ஸ்கேல் வைத்து அளந்தேன். எல்லாம் வாசல்கள்தான்... திறந்தால் மூடத் தெரியாத வாசல்கள். வாசல் மூடாவிட்டால் தசை சோர்ந்துவிடும். அவளுடைய நோயே அதுதான். நோயைக் குப்பையில் தள்ளிவிட்டு, மிச்சத்தை அளந்து ‘மாறுபாடு இல்லை’ என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். உயரத்தை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

எங்கள் தலைவரிடம் ஓடினேன். அவர் காப்பியைக் கீழே வைக்கவில்லை.

“அந்தக் கேஸை நார்மல் லிஸ்ட்ல போட்டுக் கட்டுரை அனுப்பியாச்சேப்பா. இப்ப எடுத்தா டேபிள்ல இருக்கற நம்பரெல்லாம் மாறும்.”

“மாறட்டுமே சார்.”

“இதுக்கு மருந்து இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப சொல்லி என்ன ஆகப்போகுது?”

புது ரிப்போர்ட் கிடையாது என்றுவிட்டார். நான் வெறும் கையோடு தளவானூர் போனேன்.

செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு இமையை விரலால் தூக்கி என்னைப் பார்த்தாள்.

“இன்னா சித்தப்பா, இன்னொரு தபா சதை வெட்டணுமா?”

“இல்லம்மா. அன்னிக்குக் குடுத்த ரிப்போர்ட் தப்பு. உனக்கு நோவு இருக்குது. நெஜமான நோவு.”

ஏழுமலை எழுந்துவிட்டார். “கம்ப்யூட்டர் தப்பு சொல்லுமா தம்பி?”

“கம்ப்யூட்டர் இல்லண்ணா. நான்.”

அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

“கேட்டுக்கினியா நைனா?” என்றாள் செல்வி. அவ்வளவுதான். பிறகு என்னிடம், “மருந்து இருக்குதா?”

“இன்னும் இல்லம்மா.”

இமையைப் பிடித்திருந்த விரலை எடுத்துவிட்டாள். “சரி. நான் நடிக்கலன்னு எழுதிக் குடு. அந்தக் காகிதத்த நைனா அவங்க வூட்ல காட்டினாரு இல்ல? இதையும் போய்க் காட்டட்டும்.”

அவளுடைய பழைய பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். வாங்கி, திருப்பிப் பார்த்தாள்.

“இன்னா சித்தப்பா, சீல் இல்லியா? அதுல சீல் இருந்துச்சே!”

சீல் தலைவரின் மேஜை டிராயரில் இருக்கிறது. பூட்டியிருக்கிறது.

“பத்திரிகைல எழுதறேம்மா,” என்றேன்.

“பேரு போடாத தம்பி, பொண்ணு பேரு...” என்று ஏழுமலை ஆரம்பித்தார்.

“போடு சித்தப்பா. வேலைக்கள்ளின்னு கூப்புடறப்போ மட்டும் யாராவது பேர மறைச்சாங்களா?”

நாலைந்து மாதம் முன்பு இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில், எங்கள் கம்ப்யூட்டர் மனிதனைப்போல் அசட்டை செய்யாது என்று ஜம்பமாக எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

செல்வி, இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள். இதுவும் அச்சடித்த காகிதம்தான்.