ஆடாத தூக்குக்குண்டு

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுக் கொத்தனார் வேலைக்கு வந்தவன் நான். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். ஒருநாள் கோச்சடைப் பக்கம் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. காயம் ஆறியும், தலைசுற்றல் மட்டும் இரண்டு மாதமாகப் போகவில்லை. தெரிந்தால் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்து, வீட்டில்கூட மறைத்தேன்.

அன்று நாகமலை புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டு வேலை. சாரத்தில் நின்று, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டைச் சுவர் உச்சியில் ஆணியில் மாட்டித் தொங்கவிட்டேன். எவ்வளவு நேரம் காத்திருந்தும் அது ஆடிக்கொண்டே இருந்தது.

கீழே கலவை போட்டுக்கொண்டிருந்த சித்தாள் அக்காவிடம், "எக்கா, காத்து அடிக்குதா? குண்டு ஆடுதே!" என்றேன்.

"குண்டு அசையாமத்தான் நிக்குது தம்பி. நீதான் ஆடுற!"

சாரக் கம்பைக் கட்டிப்பிடித்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். "யாருகிட்டயும் சொல்லிராதக்கா, பொழப்பு போயிரும்."

"பொழப்புக்கு அம்புட்டுப் பயமா? நீ விழுந்தா என் தலையிலதானய்யா விழுவ!"

இரண்டு மாதமாகப் பயந்து செத்தவனுக்கு, கீழே நிற்பவர்களுக்காக ஒருதடவைகூடப் பயம் வந்ததில்லை. உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி, மேஸ்திரியிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டிவிட்டு, தரை பூசுகிற வேலைக்கு மாற்றினார்.

தலைசுற்றல் நிற்க மேலும் பல மாதம் ஆனது. இன்றைக்கும் சாரம் ஏறுவதற்கு முன்னால், கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.