ஒரே முகத்தில் டொக்டரும் கொலைகாரனும்

எழுபதுகளின் நடுவில் சிட்னியில், நார்த்மீட்டில் ஒரு வாடகை பிளாட்டில் இருந்தோம். நான் வேலைக்குப் போனபின், யாழ்ப்பாணத்திலிருந்து அண்மையில் வந்திருந்த என் மனைவிக்குத் தொலைக்காட்சிதான் பேச்சுத்துணை. அதில் வரும் அமெரிக்க நடிகர் ஒருவர் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். ஒரு தொடரில் அவர் இரக்கமுள்ள கிராமத்து டொக்டர். மத்தியானப் பழைய படத்தில் வந்த வேகத்தில் குண்டடிபட்டுச் சாகும் சிப்பாய். வேறொன்றில் குடிகாரத் தகப்பன். பெரிய நட்சத்திரம் இல்லை, கிடைத்த வேஷத்தையெல்லாம் கட்டிப் பிழைத்தவர்.

"பாவம், ஓய்வில்லாமல் உழைக்கிற மனிசன்" என்று அவருக்காக இரங்குவாள்.

அவளுக்கு எட்டாம் மாதம் நடந்தபோது ஒரு படத்தில் அந்த மனிதர், கட்டின மனைவிக்குப் பாலில் நஞ்சு கலந்து கொடுத்தார். அதுவும் அந்தக் கிராமத்து டொக்டரின் அதே சிரிப்போடு. எங்கள் தமிழ்ப் படங்களில் வில்லன் திரைக்கு வந்ததுமே தெரிந்துவிடும். புருவம் சொல்லிவிடும், சிரிப்பு சொல்லிவிடும். அந்த வேஷம் கட்டுகிறவரைக் கோயிலில் கண்டால்கூடச் சனம் விலகி நிற்கும். நல்லவராக வந்த அதே முகம் நஞ்சு கலந்ததை அவளால் தாங்க முடியவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை.

அடுத்த வாரம் பிரஷர் ஏறி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வந்த டொக்டருக்கு அந்த நடிகரின் அதே தாடை, அதே நரைத்த கிருதா. வாயைச் சும்மா வைத்திருக்காமல், "உம்மட ஆள் வந்திட்டார்" என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. உடனே வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுக்க வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் புன்னகைத்தார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்.

"அவர் வேறை, இவர் வேறை. பயப்பிடாதையும், ஒண்டுமில்லை" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதே? நான் என்ன விசரியே? சிரிச்சுக்கொண்டு எதையும் மறைக்கலாம் எண்டு இப்ப தெரியும். அவரும் ஒண்டுமில்லை எண்டுறார், நீங்களும் ஒண்டுமில்லை எண்டுறியள். பிள்ளைக்கு என்ன எண்டு ஆரும் சொல்லுறியள் இல்லை."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு அழுதுவிட்டேன். "எனக்கும் பயமாத்தான் கிடக்கு. செய்யாட்டி இரண்டு பேரும் எனக்கு இல்லாமல் போயிடுவியள்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இதை முதலே சொல்லியிருக்கலாம்தானே. சரி, டொக்டரை வரச் சொல்லுங்கோ."

பின்னேரம் டொக்டர் வெளியே வந்தார். மகள் பிறந்திருக்கிறாள், தாயும் பிள்ளையும் சுகம் என்றார். பிறகு என் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று இருந்து, காலையிலிருந்து தனக்கும் சரியான பயம் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.